திலகவதியார் பெருக்கிய வாசல்



திருநாவுக்கரசர் என்றதும் சுண்ணாம்புக் காளவாயில் அவரை அடைத்ததும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும் நம் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 63 நாயன்மார் வரிசையில் அந்த அம்மையாரின் பெயர் இல்லை.

திருவாமூரில் வேளாளர் குடும்பம். தகப்பனார் புகழனார், தாயார் மாதினியார். திலகவதிக்கு 12 வயதாகும்போது அரசனின் படைத்தலைவர் கலிப்பகையாருக்கு மணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வடக்கே போருக்குப் போயிருந்த சமயம், புகழனார் நோயில் இறந்தார். அந்தத் துயரில் மாதினியாரும் உயிர் நீத்தார். கண்ணீரின் ஈரம் காயுமுன் போர்க்களத்திலிருந்து சேதி வருகிறது: கலிப்பகையாரும் மாண்டுவிட்டார்.

அந்தப் பெண் என்ன செய்தார்? எல்லாம் அவன் செயல் என்று உடனே தேறிவிட்டாரா? இல்லை. தாமும் உயிரை விடுவதென்றே துணிந்தார். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் இதை மறைக்கவில்லை. துக்கத்தில் துவண்டவர்களைப் பார்த்து ‘உனக்குப் பக்தி போதாது’ என்று சொல்கிறவர்கள் பெரியபுராணத்தின் இந்த இடத்தை அவசியம் படிக்க வேண்டும். பின்னாளில் திருநாவுக்கரசரான தம்பி மருள்நீக்கியார் அக்காவின் காலில் விழுந்து கதறினார். அக்காவும் போய்விட்டால் தாம் அதற்கு முன்பே போய்விடுவதாகச் சொன்னார். அந்தப் பிள்ளைக்காக அம்மையார் உயிரைத் தாங்கிக்கொண்டார். அவரை எழுந்து நிற்க வைத்தது சாத்திர ஞானமா? தம்மை நம்பி ஒரு சிறுவன் நிற்கிறான் என்ற நினைப்புதான்.

பிறகு அந்தத் தம்பியும் வளர்ந்து, சமணம் சார்ந்து, பாடலிபுத்திரம் போய்விட்டார். யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ, அவரே பக்கத்தில் இல்லை! அம்மையார் கெடிலக்கரைத் திருவதிகைக்கு வந்தார். விடியுமுன் வீரட்டானேசுவரர் கோயிலைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுத் தரும்படி சுவாமியிடம் வேண்டியும் வந்தார். மனநிறைவு உள்ளவர் எதையும் கேட்கமாட்டார் என்று நாம் நினைக்கிறோம். அம்மையார் கேட்டார். கேட்டது கிடைக்கும்வரை அன்றன்றைய வாசலைப் பெருக்காமல் இருந்ததில்லை. துன்பத்தை ஏற்பது என்றால் இதுதான் என்பது அடியேனின் துணிபு.

சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலியில் துடித்த தம்பி, ஓரிரவு அக்காவைத் தேடி வந்து காலில் விழுந்தார். ‘அன்றைக்கே நினைத்தேன்’ என்று ஒரு சொல்? கிடையாது. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி நேரம் வந்ததும் துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டார், தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். அன்றைக்கும் அவருக்கு வேலை இருந்தது.

பின்னாளில் அப்பர் பெருமான் என்று பெயர்பெற்ற அந்தத் தம்பி உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். அந்தப் பணியை அவர் அக்காவிடம்தான் கற்றிருக்க வேண்டும் என்று அடியேன் நம்புகிறேன்.