பழைய அன்பும் புதிய ஏமாற்றமும்

ஒரு காலத்தில் நெஞ்சார நேசித்த ஒன்றிடம் நாம் மீண்டும் செல்கிறோம். அது நாம் விட்டு வந்த இடத்தில் இல்லை. முகம் மாறியிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, பேச்சின் பாங்கும் மாறியிருக்கிறது. முதலில் வருத்தம் எழுகிறது. அதனைத் தொடர்ந்து கோபம் எழுகிறது. அந்தக் கோபத்திற்கு நமக்கு உரிமை உண்டா? நாம் நேசித்தோம் என்ற ஒரே காரணத்தால், ஒரு பொருள் மாறாதிருக்கக் கடமைப்பட்டுவிடுமா?

கேள்வி பெரிது. அதனை ஆராய நான் எடுத்துக்கொள்ளும் சான்றோ மிகச் சிறிது. சிலருக்கு நகைப்பையும் தரலாம். அது ஒரு வீடியோ விளையாட்டு. பிள்ளைகள் பொழுது போக்கும் திரைக்குள் அறநெறி ஆராய்ச்சிக்கு இடமேது என்று பெரியவர்கள் வினவக்கூடும். ஆயினும், இக்காலத்து இளைஞர் பலர் இளமையில் கதைகளைச் சந்தித்த இடங்களுள் அத்திரையும் ஒன்று. அங்கே அவர்கள் எதனை நேசித்தார்கள், எதனை இழந்தார்கள் என்று அறிந்துகொள்வது நமக்கு இழுக்காகாது.

1989இல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், பெரும்பாலும் தனியொருவராக உழைத்து, ஆப்பிள் டூ கணினிக்கென ஒரு விளையாட்டை உருவாக்கினார். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்பது அதன் பெயர். கதை எளியது. கொடிய அமைச்சனிடம் சிக்கிய இளவரசிக்கு விதிக்கப்பட்ட கெடு 60 நிமிடங்கள். அதற்குள் நிலவறையிலிருந்து மேலேறி அவளை மீட்க வேண்டும். மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம் பிடித்து, அப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அந்தச் சிறு உருவத்தை வரைந்தார். ஆகவே அது மனிதனைப் போலவே ஓடிற்று. சுவரின் விளிம்பைப் பற்றித் தொங்கிற்று. அது விழுந்தபோது பார்த்திருந்தவர் நெஞ்சமும் பதைத்தது.

அவ்விளையாட்டில் மறக்கவொண்ணாத கட்டம் ஒன்று உண்டு. வீரன் ஒரு கண்ணாடியை ஊடுருவித் தாவுகையில் அவனிடமிருந்து அவனுடைய நிழல் பிரிந்துவிடுகிறது. பின்னர் அந்நிழல் அவனுக்குத் தீங்கு செய்கிறது. முடிவில் வாளேந்தி எதிரே வந்து நிற்கிறது. நிழலை வெட்டினால் வெட்டு வீரன்மீதே விழுகிறது. மீள வழி ஒன்றே ஒன்றுதான்: வாளை உறையில் இட்டுவிடுதல். இட்டதும் இருவரும் ஒருவராகிவிடுகின்றனர். கணினியின் நினைவகத்தில் புதியதொரு பகைவனை வரைய இடம் போதவில்லை என்பதால், வீரனின் உருவத்தையே சற்று மாற்றிக்காட்டிப் படைக்கப்பட்டவன் இந்நிழல். வறுமையில் விளைந்த செல்வம் என்று இதனைச் சொல்லலாம்.

2003இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியல் கலைக்கூடம், மெக்னரையே கதாசிரியராகக் கொண்டு, ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்ற பெயரில் இக்கதைக்குப் புத்துயிர் அளித்தது. ‘காலத்தின் மணல்’ என்பது அதன் பொருள். தந்தையின் மெச்சுதலை வேண்டிய இளவரசன், அமைச்சனின் சூழ்ச்சிக்கு இரையாகிக் காலத்தின் மணலைத் திறந்துவிடுகிறான். ஈன்ற தந்தை உட்பட அரண்மனையில் இருந்தோர் அரக்கர்களாகின்றனர். அவன் கையில் ஒரு குறுவாள். அதனைக் கொண்டு சில நொடிக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். தவறி விழுந்தவன் மீண்டும் விளிம்பில் நிற்கலாம்! இந்திய மன்னன் மகள் ஃபரா அவனுக்குத் துணை. இருவரும் பிணங்குகின்றனர், நகைக்கின்றனர், மெல்ல நேசிக்கின்றனர். அவன் தன் செருக்கைத் தானே எள்ளிக்கொள்ளக் கற்கிறான். முடிவில் ஃபரா இறக்க, அவன் காலத்தை முற்றிலும் பின்னோக்கித் திருப்புகிறான். அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவனை அறியாள். நடந்ததை நினைவில் சுமப்பவன் அவன் ஒருவனே.

இக்கதையில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்கள் மறு ஆண்டே திரும்பி வந்தார்கள். 2004இல் வந்த ‘வாரியர் விதின்’ என்ற அடுத்த பகுதி அவர்களைத் திகைக்க வைத்தது. நாணமும் நகைச்சுவையும் கொண்ட இளைஞன் போய், சினமே உருவான ஒருவன் அங்கே நின்றான். குரல் கொடுத்த நடிகரும் மாறியிருந்தார். பொன்னொளி மங்கி இருள் சூழ்ந்தது, பின்னணியில் இரைச்சலான இசை முழங்கிற்று, குருதி தெறித்தது, பெண்டிர் அரைகுறை ஆடையில் காட்சிப் பொருளாயினர். அமெரிக்காவில் முந்தையது பதின்மூன்று வயதினர்க்கும் ஏற்றதென மதிப்பிடப்பட்டிருந்தது. இதுவோ பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்கே உரியதெனக் குறிக்கப்பட்டது. மூலத்தைப் படைத்த மெக்னரும் இதன் வன்முறையும் கலைப்போக்கும் தமக்கு உவப்பானவை அல்ல என வெளிப்படையாகவே கூறினார்.

நடுநிலையோடு நோக்கின், இதிலும் சிறப்புகள் உண்டு. வாட்போர் முன்னினும் பன்மடங்கு செழித்திருந்தது. கதையின் கருவும் அற்பமானதன்று. இறந்திருக்க வேண்டியவன் தப்பினான் என்பதால் காலத்தின் காவலன் அவனைத் துரத்துகிறான். மணல் பிறவாமலே தடுத்துவிட எண்ணி அவன் காலத்தின் பேரரசியைக் கொல்கிறான்; அக்கொலையே மணல் பிறக்கக் காரணமாகிறது. தப்பும் முயற்சியே தளையாகும் இவ்வுண்மை ஆழமானது. எனினும் அவ்வாழத்தின்மீது கூச்சலை நிரப்பிவிட்டார்கள். இன்னும் வராத விருந்தாளிக்காக, வந்து அமர்ந்தவரின் சஹனை எடுத்து வைத்ததுபோல் ஆயிற்று.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். திரும்பி வந்தவரின் முறையீட்டுக்குள் இரண்டு முறையீடுகள் பின்னிக் கிடக்கின்றன. “இது பழையபடி இல்லை” என்பது ஒன்று. “இது நல்லதாக இல்லை” என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம் பிழை.

இவற்றைப் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. பழைய நினைவு ஏதும் இல்லாத ஒருவர் இன்று புதிதாக இதனைக் கண்டால், அவருக்கும் இக்குறை குறையாகத் தோன்றுமா? பெண்மையை இழிவுபடுத்தும் காட்சி அவருக்கும் குறையே. அது நீதியான குற்றச்சாட்டு. குரல் மாறியதும் நிறம் மங்கியதும் அவருக்குக் குறையாகா; அவை நம் நினைவின் ஏக்கம் மட்டுமே. மாற்றமே குற்றமென்றால், 2024இல் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ பெரும் குற்றமாக வேண்டும். அதில் இளவரசன் நாயகனே அல்லன். கடத்திச் செல்லப்பட்ட அவனைத் தேடிச் செல்லும் சர்கோன் என்ற வீரனே நாயகன். ஆயினும் விமர்சகர் பலர் அதனை மனமாரப் போற்றினர்.

அப்படியாயின் நம் ஏக்கம் வெறும் பேதைமையா? இல்லை. அது அன்பின் எச்சம். அதற்காக நாணத் தேவையில்லை. ஆனால் அதனை நீதியின் மொழியில் பேசவைத்து, எதிரே இருப்பதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் தகாது. விளையாட்டுக்கு மட்டுமா இது பொருந்தும்? நெடுநாள் கழித்து ஊர் திரும்புபவர் தெருவைக் கடிந்துகொள்கிறார். பழைய நண்பனைக் கண்டவர் “நீ மாறிவிட்டாய்” என்று குறை சொல்கிறார். நண்பன் நேர்மையை இழந்திருந்தால் அதனை எடுத்துரைப்பது கடமை. அவன் வேறொருவனாக வளர்ந்திருப்பது மட்டுமே குறையென்றால், நாம் கடிவது அவனை அன்று. கைநழுவிப்போன நம் இளமையைத்தான். நாம் வாள் வீசுவது நிழலின்மீது, காயம் நமக்கே.

காலத்தைத் திருப்பிய அந்த இளவரசனை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். தன்னை அறியாதவளாய் நின்ற ஃபராவிடம் அவன் நடந்ததைச் சொன்னான். அவள் அதனைக் கதையென்றே கொண்டாள். அதற்காக அவன் சினக்கவில்லை. குறுவாளை அவளிடமே ஒப்படைத்துவிட்டு விடைபெற்றான். அன்பை நினைவில் வைத்திருப்பது அவன் பொறுப்பு. அவளுக்கு அது கடன் அன்று என்பதை அவன் உணர்ந்திருந்தான். நாம் நேசித்தவை நமக்குத் தந்ததை ஏற்கனவே தந்துவிட்டன. கெட்டதைக் கெட்டதென்று சொல்லும் துணிவும், மாறியதை மாறியதென்று ஏற்கும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்த்தால், வாளை உறையில் இடுவது நமக்கும் எளிதாகும்.