கொடுக்கல் வாங்கலில் தெரியும் ஹிக்மத்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

ஹிக்மத் எனும் ஞானம் கொடுக்கப்பட்டவர் ஏராளமான நன்மை கொடுக்கப்பட்டவர் என்று சூரா பகராவின் 269ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. அந்த ஹிக்மத்தை எங்கே தேடுவது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியராக இருந்தவர்கள். தத்துவவாதிகளுக்கு மறுப்பாக 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதியவர்கள். ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், அந்தப் பதவியை விட்டுவிட்டு வெளியேறினார்கள். தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா என்று தம் உள்ளத்தையே விசாரித்ததுதான் காரணம்.

அவர்களுடைய 'இஹ்யா உலூமித்தீன்' 40 கிதாபுகள் கொண்டது. அதில் சாப்பிடும் ஒழுக்கத்துக்கு ஒரு கிதாபு, திருமணத்துக்கு ஒன்று, சம்பாத்தியத்துக்கு ஒன்று. அவ்வளவு பெரிய தத்துவ மேதை, பொருளின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஓர் உணவுக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் செய்தி இது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் இந்த ஹதீஸை மத்ரஸா பிள்ளைகளுக்கு நடத்தினேன். அன்று மாலை என் பழைய பைக்கை வாங்க ஒரு சகோதரர் வந்தார். இன்ஜினில் ஆயில் கசிவு இருந்தது. நான் துடைத்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஹஸ்ரத் வண்டி, இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் வண்டியைப் பார்த்து வாங்கவில்லை. என் தாடியையும் தொப்பியையும் நம்பி வாங்கினார். ஃபஜ்ர் முடிந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டி உண்மையைச் சொன்னேன், ரிப்பேர் செலவுக்கான 1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். 20 வருடம் ஓதிய இல்மை அன்றுதான் கொஞ்சம் விளங்கினேன்.

சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து கடைக்கும் வேலைக்கும் திரும்புகிறீர்கள். உங்களை நம்பி வாங்கியவரிடம் மறைத்த குறை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மஃக்ரிபுக்குள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் நம் இல்மை அமலாக்கி வைப்பானாக! ஆமீன்.