ஐந்து சகோதரிகளில் ஒருத்தி



சில வீடுகளில் கூடத்துச் சுவரைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் பெருமை விளங்கிவிடும். பட்டம் பெற்ற மகன் ஒரு படத்தில் நிற்பான். கன்னியர் உடுப்புத் தரித்த மகள் இன்னொரு படத்தில் இருப்பாள். அதே வீட்டில், வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போகிற பிள்ளை ஒன்றும் இருக்கும். "இது யார்?" என்று விருந்தாளி கேட்டால், "இவன் அவனுடைய தம்பி" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனாலும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளையின் மனத்தில் என்ன ஓடுகிறதென்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

அதைக் காய்மகாரம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. பிறருக்கு உண்டான நன்மையைக் கண்டு துயரப்படுவதே காய்மகாரம் என்று வேதசாஸ்திரிகள் கற்பிக்கிறார்கள். இந்தப் பிள்ளையோ அண்ணனுடைய நன்மையைக் கண்டு சந்தோஷப்படுகிறான்; ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறான். அவனுடைய துயரம் வேறு. "இத்தனை பேருக்கும் கொடுத்த சர்வேசுரன் எனக்கு என்ன கொடுத்தார்? இந்தக் குடும்பத்தில் நான் எதற்கு?" என்பதே அவன் கேள்வி. இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீருகிற காரியமல்ல. யோசித்துப் பதில் காண வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் சுமந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுகிறேன். பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்ற பட்டணத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தவர் லூயி மார்த்தேன். அவர் மனைவி சேலி லேஸ் பின்னும் தொழில் நடத்திவந்தாள். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே மரித்தார்கள். மிஞ்சினவர்கள் ஐந்து பெண்கள். கடைசிப் பெண்ணை உங்கள் எல்லாருக்கும் தெரியும்: 1925-ம் ஆண்டு மே 17-ல் அர்ச்சிஷ்ட பட்டம் பெற்ற சிறுமலர் தெரேசம்மாள். பெற்றோர் இருவரும் 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ல் ஒருங்கே அர்ச்சிஷ்டர்களாக்கப்பட்டார்கள். மரியம்மாள், பவுலின், செலின், தெரேசம்மாள் ஆகிய நால்வரும் லிசியே பட்டணத்துக் கார்மேல் மடத்தில் ஒரே கூரையின்கீழ் சந்நியாசினிகளாய் வாழ்ந்தார்கள். பவுலின் அந்த மடத்துக்கே தலைவியானாள்.

ஐவரில் நடுப்பிள்ளை லெயோனி. 1863-ம் ஆண்டு ஜூன் 3-ல் பிறந்தவள். சிறு பிராயம் முதல் நோயாளி. தோல் வியாதி அவளை வாட்டிற்று. படிப்பு எளிதில் ஏறவில்லை. அக்காமார் இருவரும் நன்றாய்ப் படித்த மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளையும் அனுப்பினார்கள். சமாளிக்க முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பியும் பலனில்லை. வீட்டில் சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளை என்று பெயரெடுத்தாள். வேலைக்காரி ஒருத்தி பெற்றோருக்குத் தெரியாமல் அவளை மிரட்டி அடக்கி வைத்திருந்தது 1877-ம் ஆண்டில்தான் வெளியாயிற்று. அதன் பிறகே மகள் தாயிடம் ஒட்டிக்கொண்டாள். ஆனால் தாய் அப்பொழுதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தாள். அவ்வருடம் ஆகஸ்டு 28-ல் மரித்தாள். தாயன்பைத் தயக்கமில்லாமல் அனுபவிக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது சில மாதங்களே.

லெயோனியும் துறவறத்தையே நாடினாள். 1886-ம் ஆண்டில் அலான்சோனிலிருந்த கிளாரம்மாள் சபை மடத்தில் சேர்ந்தாள். இரண்டு மாதத்துக்குள் உடல்நலம் கெட்டுத் திரும்பினாள். 1887-ல் கான் நகரத்து விசிட்டேஷன் சபை மடத்தில் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் திரும்பினாள். 1893-ல் அதே மடத்துக்கு மறுபடி போனாள். இரண்டு வருடம் இருந்து 1895-ல் மீண்டும் வெளியே வந்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போன காரியம் ஆகவில்லை" என்று முகத்தில் எழுதி ஒட்டினாற்போல வீட்டு வாசலில் வந்து நிற்பது எப்படி இருந்திருக்கும்! அதே வருடங்களில் சகோதரிகள் ஒவ்வொருத்தியாய்க் கார்மேலுக்குள் போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

தெரேசம்மாளின் சரித்திரத்தில் எல்லாரும் எடுத்துச் சொல்லுகிற ஒரு சம்பவம் உண்டு. பொம்மையையும், அதற்கான உடைகளையும், தைக்கத் துண்டுத் துணிகளையும் நிரப்பிய ஒரு கூடையைத் தங்கைமார் முன் நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஓர் அக்காள். செலின் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டாள். சிறு குழந்தையான தெரேசம்மாளோ எல்லாம் தனக்கே என்று கூடையை அப்படியே வாங்கிக்கொண்டாள். சர்வேசுரன் அனுப்புகிற இன்பம் துன்பம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுகிற ஆத்துமத்துக்கு இதை அடையாளமாய் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கூடையை வாங்கினவளை உலகமே அறியும். கொடுத்தவள் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அவள்தான் லெயோனி. வாங்கின கை போலவே கொடுத்த கையும் அந்தச் சம்பவத்துக்கு வேண்டியிருந்தது அல்லவா?

1897-ல் தெரேசம்மாள் மரித்தாள். அவள் எழுதிய வரலாறு மறு வருடம் அச்சில் வந்தது. 1899-ம் ஆண்டு ஜனவரி 28-ல் லெயோனி தன் முப்பத்தைந்தாம் வயதில் அதே கான் நகரத்து மடத்தின் கதவை மூன்றாம் முறை தட்டினாள். இந்தத் தடவை நிலைத்தாள். 1900-ம் ஆண்டு ஜூலை 2-ல் பிரான்சிஸ்கு தெரேஸ் என்ற பெயரோடு வார்த்தைப்பாடு கொடுத்தாள். 1941-ம் ஆண்டு ஜூனில், தன் 78-ம் வயதில் மரிக்குமட்டும் நாற்பத்திரண்டு வருடம் அங்கே ஓசையின்றி வாழ்ந்தாள். இதற்கிடையில் தங்கையின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. இவள் எந்தப் புத்தகமும் எழுதவில்லை. எந்தப் பதவியும் வகிக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "சாமி, 2015-ம் ஆண்டில் லெயோனிக்கும் அர்ச்சிஷ்ட பட்டத்துக்கான விசாரணை தொடங்கியிருக்கிறதே! கடைசியில் அவளும் பெரியவளாகத்தானே ஆனாள்? எங்கள் வீட்டுச் சாதாரணப் பிள்ளைக்கு இதில் என்ன ஆறுதல்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். "நீயும் ஒருநாள் பெரிய ஆளாவாய்" என்று சொல்லி ஒரு பிள்ளையைத் தேற்றினால், பெரிய ஆளாவதே மதிப்பு என்ற பழைய அளவுகோலைத்தானே மறுபடி அவன் கையில் கொடுக்கிறோம்? திருச்சபை லெயோனிக்கு எந்தப் பட்டமும் கொடாமல் போனாலும், அந்த நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளின் மதிப்பும் குறையாது. இதை ஒத்துக்கொண்டால்தான் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பதில் இதுவே: கொடை வேறு, மதிப்பு வேறு. கொடைகள் சமமல்ல, சமம் என்று நடிப்பது பொய். ஒருவனுக்குக் கூர்மையான புத்தி, ஒருவனுக்கு நல்ல குரல், ஒருவனுக்கு இவை இரண்டுமில்லை. அந்தப் பிள்ளைக்கே அது நன்றாய்த் தெரியும்; நாம் இல்லையென்று மறைத்தால் நம்மை நம்பமாட்டான். ஆனால் மனிதனுடைய மதிப்பு கொடையிலிருந்து வருவதில்லை. கொடுத்தவர் அவனைச் சிநேகிப்பதிலிருந்து வருகிறது. தாலந்துகளின் உவமையைக் கவனமாய் வாசித்துப் பாருங்கள். ஐந்து தாலந்து வாங்கினவனிடமும் இரண்டு வாங்கினவனிடமும் எசமான் சொல்லுகிற பாராட்டு ஒன்றே. வார்த்தைக்கு வார்த்தை பேதமில்லை. மூன்றாமவன் தண்டிக்கப்பட்டது ஒன்றே ஒன்றை வாங்கினதற்காக அல்ல, அதைப் புதைத்ததற்காக. சாதாரணப் பிள்ளைக்கு மெய்யான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "என்னால் என்ன ஆகும்?" என்ற ஏக்கம் முற்றினால், கையிலிருக்கும் ஒன்றையும் அவன் மண்ணில் புதைத்துவிடுவான்.

அப்போஸ்தலர்களிலும் இப்படி ஒருவர் உண்டு. அருளப்பர் தம் சுவிசேஷத்தில் பெலவேந்திரரை அறிமுகப்படுத்தும்போதே சீமோன் இராயப்பருடைய சகோதரர் என்கிறார். இராயப்பர் அதுவரை கதைக்குள் வரவேயில்லை! அவரைச் சேசுநாதரிடம் அழைத்துவந்ததே பெலவேந்திரர்தான். பிற்பாடு சேசுநாதர் மலைமேல் மறுரூபமானபோது இராயப்பரும் இயாகப்பரும் அருளப்பரும் உடனிருந்தார்கள். முதலில் வந்தவரோ அடிவாரத்தில் நின்றார். அதற்காக அவர் விலகிப் போகவில்லை. அப்பமும் மீனும் வைத்திருந்த சிறுவனைக் கண்டு சொன்னவர் அவரே.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வார்த்தை. "உன் அக்காளைப் பார்" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்தச் சொல் பிள்ளையைத் தூண்டுவதைவிடத் துவளச் செய்வதே அதிகம். விருந்தாளி கேட்டால், "இவன் அவனுடைய தம்பி" என்பதற்கு முன்னே அவன் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்தது அதற்குத்தானே?

பெயரெடுத்த பிள்ளைகளே, நீங்கள் நெடுந்தூரம் போனபோது வீட்டில் தங்கினவர் யார், வயதான தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் படம் சுவரில் தொங்குகிறதென்றால், அதைத் தூசி தட்டுகிற கையும் ஒன்று இருக்கிறது.

சாதாரணப் பிள்ளையே, உன் மனத்தில் இருக்கும் ஏக்கம் இன்றே மறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். லெயோனிக்கும் அது ஒரே நாளில் மறையவில்லை. ஆனால் திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் அவள் மறுபடி புறப்பட்டாள். சகோதரிகள் நால்வரும் இருந்த கார்மேல் மடத்துக்கு அவள் போகவில்லை. தனக்கென்று அழைக்கப்பட்ட வாசலையே தேடிப்போனாள். நீயும் உன் வாசலைத் தேடு. அது சிறிதாயிருந்தால் குனிந்து உள்ளே போ. சர்வேசுரன் உன்னை இன்னாருடைய தம்பி என்றோ தங்கை என்றோ அழைப்பதில்லை. உன் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்.