கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம்

சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானபோதும் ஊருக்குள் ரயில் வரவில்லை. நில எடுப்பு இழுத்துக்கொண்டே போனது. நிலம் கொடுக்கத் தயங்கியவர்களைப் பழிப்பது எளிது. ஊர் வாழ ஒருவர் நிலத்தை இழந்தால், ஊர் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

ரயிலால் விளைந்த நன்மை பெரிது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு வண்டி ஓடத் தொடங்கியபின், நாள்கணக்கில் போன பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. சேர்ந்து உட்காரக் கூடாது என்று ஊர் விலக்கியவர்கள் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள்.

கேடும் அதே தண்டவாளத்தில் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், துறைமுகத்தில் இறங்கிய அரிசியை உள்ளூர்களுக்குக் கொண்டுவந்ததும் ரயில்தான். விலை கூடுதலாகக் கிடைத்த இடத்துக்கு வியாபாரி தானியத்தை ஏற்றிப்போக உதவியதும் ரயில்தான். ஸ்லீப்பர் கட்டைக்கும் என்ஜின் விறகுக்கும் சென்னை மாகாணத்துக் காடுகள் சாய்ந்தன. காட்டைக் காக்கவென 1882இல் வந்த சென்னை வனச் சட்டமோ, காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் உரிமையைச் சுருக்கியது.

வரவில் செலவைக் கழித்தால் மிச்சம் லாபம்தான். ஆனால் அந்த வரவும் செலவும் ஒரே வீட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. ஒரு கரும்பு வயலின் குறுக்கே தண்டவாளத்துக்கான மண்மேடு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். எடுத்த நிலத்துக்குப் பணம் வரும். மேட்டுக்கு அடியில் குழாய் போக வழிவிடாவிட்டால் எடுக்காத நிலமும் தரிசாகும். கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலைக்கும் இதே நியாயம் பொருந்தும். கடுக்காய் மூட்டையை அடிவாரம் சேர்க்க நல்ல சாலை இல்லாத மலைக் கிராமத்துக்கு, ரயில் நிலையம் பிழைப்புத் தேடி வெளியேறும் வாசலாக மட்டுமே இருக்கும்.

அதற்காகப் பாதையே வேண்டாம் என்பதும் அறமாகாது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வெளியூர் போக வாடகைக் கார் பிடிக்க முடியாதவர்தான் தாமதத்தின் விலையையும் கொடுக்கிறார். பாதை வர வேண்டும். இழந்தவரின் பங்கு அதற்கு முன்பே வந்துசேர வேண்டும். அது கருணையோ சலுகையோ அல்ல, ஊர் வாங்கிய கடன். முதல் வண்டிக்குக் கொடியசைக்கும் நாளில், அந்தக் கிணற்றுத் தண்ணீர் மறுபக்க வயலில் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும்.