தேகவலிமை யார்பொருட்டு?

உடலை வலிமையுறச் செய்யும் முயற்சி அறத்தின்பாற் படுமோ, அன்றித் தன்னலத்தின்பாற் படுமோ என்பது ஆராய்தற்குரிய ஒரு வினாவாகும். நல்லோர் பலர் இதனை ஒரு வினாவாகவே கொள்வதில்லை. உடம்பு நிலையாதது, அதனைப் பேணுதற்குச் செலவிடும் பொழுது உயிர்க்கு உறுதி பயக்குங் காரியங்களினின்றுங் களவாடப்பட்ட பொழுது என்பது அவர் துணிபு. இளைஞர் பலரோ, நிலைக்கண்ணாடி முன் நின்று தம் புயங்களை அளந்து மகிழ்தலே தேகாப்பியாசத்தின் முடிந்த பயன் எனக் கருதுகின்றனர். இவ்விரு கொள்கையும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும், இரண்டிற்கும் வேராயுள்ள பிழை ஒன்றே. ஒருவனுடைய உடல் அவனுக்கு மாத்திரமே உரியது என்று இரு திறத்தாரும் எண்ணுதலே அப்பிழையாம்.

ஒரு வீட்டின் நிலையை நோக்குவோம். எண்பது வயதுடைய தாய் கிணற்றடியில் வழுக்கி வீழ்கின்றாள். அவளைத் தாங்கி எடுத்து உள்ளே கிடத்தவேண்டியவன் ஐம்பது வயதுடைய மகன். அவன் கற்றவன், அன்புடையவன், கண்ணீர் விடவும் வல்லவன். ஆயினும் குனிந்து ஒரு சுமையைத் தூக்கி முப்பது ஆண்டாயிற்று. அயலவர் வருமளவும் அத்தாய் ஈரத்திற் கிடத்தல் வேண்டும். அவன் அன்பிற் குறையொன்றுமில்லை. அவ்வன்பு சென்று தொழிற்படுதற்குரிய கருவியே குறைவுற்றது. மேலும் இருபது ஆண்டு கழியின், அம்மகனே கதிரையினின்று எழும்போது பிறர் கையை எதிர்பார்ப்பவனாவான். அப்பொழுது அவன் மகளோ மருமகளோ தன் நாளின் ஒரு பாகத்தை அவனை எழுப்புதற்கும் இருத்துதற்கும் ஈதல் வேண்டும். ஆகவே, ஒருவன் தன் கால்களால் எழுந்து தன் கருமங்களைத் தானே செய்துகொள்ளும் ஒவ்வோர் ஆண்டும் அவன் தன் சுற்றத்தார்க்கு அளிக்கும் கொடை என்றே சொல்லத்தகும்.

இக்கருத்துப் புதியதன்று. கிரேக்க ஞானியாகிய சோக்கிரதீஸ், எபிகெனீஸ் என்னும் இளைஞன் ஒருவன் உடல் தளர்ந்திருத்தலைக் கண்டு கடிந்துகொண்ட செய்தியை அவர் மாணாக்கராகிய செனபோன் எழுதிவைத்துள்ளார். மற்போர் முதலிய போட்டிகளுக்குத் தான் உரியவனல்லன் என்று அவ்விளைஞன் போக்குக் கூறினான். அதற்கு அவர், மனிதன் செய்யும் தொழில் ஒவ்வொன்றிலும் உடல் பங்குகொள்கின்றது என்றும், உடலுக்குச் சிறிதே இடமுண்டெனத் தோன்றும் சிந்தித்தற்றொழிலுங்கூட உடல்நலங் குன்றியவிடத்துப் பிழைபடுகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். மெய்ப்பொருளாராய்ச்சியையே தம் வாழ்வாகக் கொண்ட ஒருவர் இங்ஙனங் கூறியமை, அறிவும் உடலும் தம்முட் பகையென்பார் சிந்திக்கத்தக்கது.

இனி, உடல் தளர்தல் முதுமையின் இயல்பு; அதனை எதிர்த்துச் செய்யும் முயற்சி வீண் எனின், அது முற்றும் உண்மையன்று. முப்பது வயது கடந்தபின் பத்தாண்டுதோறும் தசையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைந்து செல்லும் என்பது மருத்துவ நூலோர் கணிப்பு. இக்குறைவிற்கு 'சார்க்கோபீனியா' என்னும் பெயரை 1989ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பேர்க் என்பார் இட்டனர். ஆயினும் இக்குறைவின் ஒரு பகுதி ஆண்டுகளால் வருவது போலத் தோன்றி உழையாமையால் வருவதாகும். விண்வெளியிற் பாரமின்றி வாழும் வீரர், இளமையும் நற்சுகமும் உடையராயிருந்தும், உடலைத் தாங்கும் எலும்புகளின் செறிவில் மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை இழக்கின்றனர். தாங்கவேண்டிய பாரம் இல்லாதவிடத்துத் தாங்கும் ஆற்றலை உடல் வைத்திருப்பதில்லை.

இதன் மறுதலையும் உண்மையாம். 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, ஏறக்குறையத் தொண்ணூறு வயதுடைய பதின்மர், எட்டுக் கிழமை கால்களுக்குச் சுமைப்பயிற்சி செய்யத் தொடங்கினர். முடிவுவரை நின்றவர் ஒன்பதின்மர். அவர்தம் கால்வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டு நடந்தனர். தொண்ணூறு வயதில் திறந்திருக்கும் வாயிலை ஐம்பது வயதில் அடைத்துவிட்டதாகக் கருதுதல் அறிவுடைமையாகாது.

அற்றேல், பொருளில்லாதவர் என் செய்வர்? கருவிகளும் கூடங்களும் ஆசிரியரும் எல்லார்க்கும் எய்துவனவோ? என வினாவுவார்க்கு விடை அவரிடத்தேயே உண்டு. தாங்கப்படும் பாரமும் தாங்கும் கருவியும் ஒருங்கே அமைந்தது நம்முடல். வேண்டுவன ஒரு சுவர், ஒரு கதிரை, ஒரு பாய், இயன்றால் உறுதியான ஒரு மரக்கொப்பு. இவை இல்லாத வீடு அரிது.

கிரேக்க மல்லனாகிய மைலோ என்பான் ஓர் இளங்கன்றை நாடோறுந் தூக்கிவந்தான் என்றும், அது வளர்ந்து எருதாகியபோதும் தூக்க வல்லனாயினான் என்றும் ஒரு பழங்கதை உண்டு. சுமை சிறிது சிறிதாக வளர, வலிமையும் உடன் வளரும் என்பதே அதன் கருத்து. நம்முடலோ அக்கன்றுபோல நாடோறும் வளர்வதில்லை. அவ்வாறாயின் சுமையை வளர்ப்பது எங்ஙனம்? உடலை வைக்கும் நிலையை மாற்றி வளர்க்கலாம். தண்டால் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கால்விரல்களையும் உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றி உடலை நேராக நிறுத்துங்கால், உடற்பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளிற் பொறுக்கின்றது. 60 கிலோகிராம் நிறையுடையான் தாங்குவது ஏறக்குறைய 40 கிலோகிராம். முழங்கால்களை நிலத்தில் ஊன்றினால் அது உடற்பாரத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். மேசை விளிம்பிற் கைவைத்துச் செய்தால் இன்னும் எளிது. சுவரிற் கைவைத்து நின்றபடி செய்தால் மிக எளிது. கால்களைக் கதிரைமேல் ஏற்றிவைத்தால் மிக அரிது. ஆகவே, அறுபது வயதுப் பாட்டியும் பதினெட்டு வயதுப் பேரனும் ஒரே விறாந்தையில், ஒரே பயிற்சியைத் தத்தமக்கு ஏற்ற படியில் நின்று செய்யலாம்.

கால்களுக்குரியது குந்தியெழுதல். வடநாட்டு மல்லர் தண்டாலையும் பஸ்கியையுமே தம் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொண்டனர். 1910ஆம் ஆண்டில் இலண்டன் சென்று பெயர்பெற்ற மல்லர் காமாவும் அவ்வழி வந்தவரே. நம் சிறுவரோ பிள்ளையார் சந்நிதியில் இடும் தோப்புக்கரணத்தால் இதனை இயல்பாகவே அறிவர். பாடசாலைகளில் அதனைத் தண்டனையாக்கியமையால் ஒரு நல்ல பயிற்சிக்கு இழிவு வந்து சேர்ந்தது. உபாத்தியாயராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். குந்தியெழ இயலாதவர் கதிரையில் இருந்து, கைகளை ஊன்றாது எழுந்து, மெல்ல இருக்கத் தொடங்குவாராக. அஃது எளிதாயபின் தாழ்ந்த பலகையினின்றும், பின் பற்றுக்கோடின்றியும் செய்க. மரக்கொப்பிலோ உறுதியான குறுக்குச்சட்டத்திலோ தொங்குதலும், பின் உடலை மேலிழுத்தலும் முதுகையுங் கைப்பிடியையும் உறுதிப்படுத்தும். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல நிறுத்துதல் இடைக்கும் வயிற்றுக்கும் ஏற்றது. பயிலுங்கால் மூச்சை அடக்குதல் ஆகாது. அஃது இரத்த அழுத்தத்தை மிகுவிக்கும். இருதயநோய் முதலியன உடையார் மருத்துவரை வினாவித் தொடங்குக.

வலிமையொடு திறனும் வளர்தல் இப்பயிற்சியின் சிறப்பாகும். தொடங்கிய முதற் சில கிழமைகளில் தசை பெருப்பதன் முன்னரே வலிமை மிகுகின்றது. இதற்குக் காரணம், உள்ள தசையை ஒருங்கே ஏவுதற்கு நரம்புகள் கற்றுக்கொள்ளுதலாம். ஆகவே வலிமையும் ஒருவகைக் கல்வியே. ஒற்றைக்காலில் நிற்றல், கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்றல் முதலியன இன்னும் வெளிப்படையான கல்வி. எழுத்துப் பயிலும் சிறுவன் ஒரே நாளில் ஐந்நூறு முறை எழுதுதலினும் நாடோறும் சிலமுறை கருத்தூன்றி எழுதுதல் நன்று, இதுவும் அவ்வாறே. களைப்பு மேலிட்டபின் செய்யும் பயிற்சி பிழையையே பழக்குகின்றது. தசை வலுப்பெறுவது ஓய்வின்போதே ஆதலானும், தசைநாண்கள் தசையினும் மெல்லவே உறுதியடைதலானும், விரைவு இங்கே கேட்டினைத் தரும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியில், வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம்வரை நடை போன்ற மிதமான உழைப்போடு, தசைகளை உறுதிப்படுத்தும் பயிற்சியைக் கிழமைக்கு இருநாளேனும் செய்தல் வேண்டுமெனக் கூறியுள்ளது. இருநாள் என்பது யாவர்க்கும் இயல்வதன்றோ?

இனி, வலிமை வந்தபின் அஃது எதன்பொருட்டு என்னும் வினா எழுகின்றது. இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை. 1901ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள், இலண்டன் மாநகரத்து அல்பேட் மண்டபத்தில் இயூஜின் சாண்டோ என்பார் உடலழகுப் போட்டியொன்றை நடத்தினார். சேர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில் நடுவருள் ஒருவராயிருந்தார். எளிய மக்களிடைத் தேகாப்பியாசத்தைப் பரப்பிய புண்ணியம் சாண்டோவுக்கு உண்டு; அவர் பெயர் தமிழிலும் பலசாலிக்கு ஒரு பட்டமாக வழங்குதலே அதற்குச் சான்று. எனினும், உடல் பிறர் காணுதற்குரிய காட்சிப்பொருள் என்னும் எண்ணமும் அம்மேடைகளில் வளர்ந்தது. காட்சியையே பயனாகக் கொண்டவனுக்குக் காண்போர் இல்லாதபோது முயற்சியும் இல்லை. தன்னினுஞ் சிறந்தானைக் கண்டவழி மகிழ்ச்சியும் இல்லை.

வேறோர் ஆபத்தும் உண்டு. 1811ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் அருகே பிரீட்றிக் லூட்விக் ஜான் என்பார் திறந்த வெளியில் ஒரு பயிற்சிக்களம் அமைத்தார். நெப்போலியனுக்கு அடங்கிக் கிடந்த தம் நாட்டு இளைஞரை உடலாலும் உள்ளத்தாலும் நிமிரச்செய்தலே அவர் நோக்கம். சமாந்தரச் சட்டம் முதலிய கருவிகள் இன்றும் உலகெங்கும் வழங்குதற்கு அவரே பெருங்காரணர். ஆயினும் அவர் ஊட்டிய நாட்டுப்பற்றில் பிரெஞ்சுக்காரரையும் யூதரையும் வெறுக்கும் வெறுப்பும் கலந்திருந்தது. நல்ல தசையில் தீய எண்ணம் குடிபுகுதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. வலிமை தானே அறமாகாது; அறத்திற்கும் மறத்திற்கும் ஒப்ப ஏவல்செய்யும் பணியாளன் அது.

வீட்டிற் பயிலும் பயிற்சி இவ்விரு கேட்டினின்றும் ஒருவனை ஓரளவு காக்கின்றது. அங்கே காண்போர் இலர், கைதட்டுவார் இலர், பகைவனும் இலன். நேற்றுத் தன்னால் இயன்றது எது, இன்று இயல்வது எது என்பதே அங்குள்ள ஒப்பீடு. அவ்வறையில் ஒருவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இயலாது: கடனாகப் பெறுதற்கும், பரிந்துரையாற் பெறுதற்கும், விலைகொடுத்துப் பெறுதற்கும் ஆகாத பொருள் ஒன்று உண்டெனின், ஒருமுறை தண்டாலிட்டு எழும் வலிமை அதுவேயாம்.

ஈண்டு ஒரு தடை எழும். வலிமையைக் கடமையென்றால், நோயுற்றோரும் அங்கக்குறைவுடையோரும் கடமை தவறியோராவரோ எனின், ஒருபோதும் ஆகார். கடமை என்பது உள்ள ஆற்றலின் அளவே உண்டாவது. படுக்கையிற் கிடந்து ஒரு கையை மாத்திரம் அசைக்க வல்லான் அதனை நாடோறும் அசைப்பின், அவன் செய்த முயற்சி பெருமல்லன் முயற்சிக்குச் சிறிதுங் குறைந்ததன்று. நோயாளியை நோக்கி 'நீ பேணாமையால் வந்தது' என்று இடித்துரைப்பவனோ, தன் வலிமையின் பயனை அன்றே இழந்தவனாவான். நாம் வலிமை தேடுவது மெலிந்தாரைத் தாங்குதற்கு; அவரை எண்ணி நகுதற்கன்று. பகலெல்லாம் வயலிலும் கடலிலும் உழைப்பாரை நோக்கி மேலும் பயிலுக என்றலும் பொருந்தாது. இவ்வுரை பெரும்பாலும் கதிரையில் இருந்து பிழைக்கும் எம்மனோர்க்கே உரியது.

உடம்பு நிலையாதது என்னும் முதற்கூற்றை மறுப்பார் யார்? நிலையாதது என்பதனாலேயே அதனைக் காலத்தில் நன்கு பயன்படுத்தல் வேண்டும். இரவற் கலப்பையைத் துருப்பிடிக்க விட்டுவைத்தல் பற்றின்மையாகாது. அது கொடுத்தவனுக்கும் நிலத்துக்கும் செய்யும் பிழையாகும். உடலை இழிவாக எண்ணும் எண்ணத்தை விடுத்து அதனை ஓம்பும் நெறியைத் திருமூலர் திருமந்திரத்துள் வகுத்தமையை நம்மவர் அறிவர். துறவோர்க்கே அஃது உடன்பாடாயின், பெற்றோரையும் பிள்ளைகளையும் தாங்கும் இல்லறத்தார்க்குக் கூறவேண்டுமோ?

ஆதலின் அன்பர்காள், நாளை விடியலில் விறாந்தையில் ஒரு பாயை விரிமின். கதிரையினின்று பத்துமுறை கையூன்றாது எழுமின். சுவரிற் கைவைத்துப் பத்துமுறை தள்ளுமின். ஒருநாள் விட்டு மீண்டுஞ் செய்ம்மின். எளிதாயவழி ஒரு படி ஏறுமின். பிள்ளைகள் அருகிருந்து காண்பராயின் அவரையும் உடன்சேர்த்துக்கொண்மின். என்றேனும் ஒருநாள், வீட்டில் வீழ்ந்த ஒருவரைத் தாங்கி எடுக்கும் வேளை வரும். அவ்வேளையில் உமது அன்பும் உமது கையும் ஒருங்கே செல்வனவாகுக.