வீட்டுக்காரியமும் விசுவாசமும்



"சுகந்தருகிற கர்த்தர் இருக்கும்போது, கடைசி நேர வைத்தியத்தைப் பத்தி இப்பவே எதுக்குய்யா எழுதி வைக்கணும்? அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். வீட்டை ஒழுங்குபண்ணும்படி ஏசாயாவை அனுப்பினவரும் கர்த்தர். அவன் அழுது ஜெபித்தபோது 15 வருஷம் கூட்டிக் கொடுத்தவரும் அவரே. யாக்கோபோ, எகிப்திலே தன்னை அடக்கம்பண்ணக்கூடாதென்று யோசேப்பிடம் ஆணையே வாங்கிக்கொண்டான்.

சொல்லி வைக்காவிட்டால்? ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரத்துக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோன பிறகு, ஐசியு வாசலில் மூத்தவன் ஒன்று சொல்வான், இளையவன் ஒன்று சொல்வான். பழி மருமகள்மேல் விழும். (சொத்துத் தகராறாவது ஒருநாள் தீரும்.)

மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு, 2015-ல் மரிக்கும்வரை 42 வருஷம் நினைவு திரும்பாமல் கிடந்தார். விட்டுவிடுங்கள் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பராமரித்த நர்சுகள் கூடாதென்றார்கள். அருணாவிடம் கேட்க வழியில்லை.

2018-ல் அதே கோர்ட், ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023-ல் முறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் அத்தாட்சி. மனம் மாறினால் மாற்றலாம். ஊசி போட்டுக் கொல்ல இதில் இடமேயில்லை. இனி குணமாக வழியில்லையென்று டாக்டர்கள் குழு சொன்ன பிறகே அந்தத் தாளைப் பார்ப்பார்கள்.

பத்திரம் பிறகு இருக்கட்டும். இந்த வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும், பாயைச் சுருட்டுமுன் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: எந்த வைத்தியம் வேணும், எது வேண்டாம், உங்களுக்காக டாக்டரிடம் யார் பேசணும் என்று.