ஜெயித்த பந்தயம் செல்லாதா? – ஒரு தர்ம சந்தேகம்



கேளம்பாக்கத்தில் இருந்து ஒரு அன்பர் போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நம்ம பதிவுகளில் வழக்கமா வர்ற விஷயம் இல்லை, ஆனா கேட்டதுல இருந்து மனசை விட்டுப் போகவும் இல்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் காலேஜ் பையன் ஒருத்தன், செல்போன் ஆப்பில் ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு 500 ரூபாய் கட்டியிருக்கிறான். எந்த டீம் ஜெயிக்கும்னு டீக்கடையில நிக்கிறவங்களுக்கே தெரிஞ்ச மேட்ச். ஆனா ஆப்பில் அந்த டீமுக்கு ரேட் 15 என்று காட்டியிருக்கிறது. அதாவது ஜெயிச்சா 7,500. டீமும் ஜெயித்தது. மறுநாள் காலையில் பார்த்தால், ‘ரேட் தவறாகப் பதிவாகிவிட்டது, பந்தயம் ரத்து’ என்று ஒரே வரி. 500 மட்டும் திரும்பி வந்திருக்கிறது. “இது அநியாயம்தானே ஐயா? அவன் தோத்திருந்தா அந்த 500-ஐத் திருப்பிக் குடுத்திருப்பாங்களா?” என்பது அன்பரின் கேள்வி.

“சூதே பாவம், அதுல என்னய்யா நியாயம் அநியாயம்” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். குரூப்பில் பலர் அப்படித்தான் பதில் போடுவார்கள். ஆனா அவர் கேட்டது அது இல்லையே. கெட்ட இடத்துல குடுத்த வாக்கும் வாக்குதானா? எழுதினவன் கை தவறி எழுதிட்டா, அது அவனைக் கட்டுமா கட்டாதா? இதைத்தான் கேட்டிருக்கிறார்.

முதல்ல இந்த ரேட் எப்படி வருதுன்னு பார்க்கணும். மேட்ச் நடக்கும்போது பந்துக்குப் பந்து ரேட் மாறும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் போடுகிறது, சில இடத்தில் ஆள் உட்கார்ந்து தட்டுகிறார். 1.50 என்று வரவேண்டியதில் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் 15. இரண்டு டீமின் ரேட்டும் இடம் மாறிப்போவதும் உண்டு. இதுக்காகவே வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளில் ‘வெளிப்படையான பிழை இருந்தால் ரத்து செய்வோம், இல்லையென்றால் சரியான ரேட்டில் கணக்கு முடிப்போம்’ என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்த நிபந்தனையை யார் படிக்கிறார்கள்? ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட கேஸ் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2018 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்கக் கால்பந்து. டென்வர் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது, ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆனா ஒரு சுலபமான உதை மிச்சம் இருந்தது, அது விழுந்தால் ஜெயம். அந்த நேரத்தில் ஃபேன்டூயல் என்ற கம்பெனியின் திரையில் டென்வருக்கு ஒன்றுக்கு 750 மடங்கு என்று வந்துவிட்டது. ஒருவர் 110 டாலர் கட்டினார். சீட்டில் 82,000 டாலருக்கு மேல் அச்சாகி வந்தது. டென்வர் ஜெயித்தது. கவுன்டரில் போய் நின்றால், ‘இது பிழை, சரியான ரேட்டில் உங்கள் லாபம் 18 டாலர் அளவுதான்’ என்றார்கள். சமாதானத்துக்கு 500 டாலரும் சில மேட்ச் டிக்கெட்டும் தருவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். செய்தி பரவியது, அந்த மாநிலத்தின் சூதாட்டக் கண்காணிப்புத் துறை விசாரிக்க ஆரம்பித்தது, கடைசியில் கம்பெனி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது.

இதைப் படிச்ச உடனே நமக்கு சந்தோஷம் வருது, இல்லையா? பெரிய கம்பெனி தோத்துப்போச்சு, சாமானியன் ஜெயிச்சான். அந்த சந்தோஷத்தை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. சிங்கப்பூர் கேஸ் ஒண்ணு இருக்கு.

2003 ஜனவரி. அங்கே ஒரு ஆன்லைன் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் பிரிண்டர், தவறுதலாக 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. ஆறு நண்பர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி, மொத்தம் 1,606 பிரிண்டர் ஆர்டர் போட்டார்கள். வீட்டுக்கு ஒண்ணு இல்லீங்க, ஆயிரத்து அறுநூத்தி ஆறு! கடைக்காரர் தரமாட்டேன் என்றதும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்பது அவர்கள் வாதம். 2004-ல் நீதிபதி வி.கே.ராஜா அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். விலை தப்புன்னு உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அள்ளப் பார்த்தீங்க, அதனால இந்த ஒப்பந்தம் செல்லாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அடுத்த வருஷம் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

இங்கதான் நம்ம பையன் விஷயத்தில் கொஞ்சம் கஷ்டம். ஊருக்கே தெரிஞ்ச மேட்சில் ரேட் 15 என்று பார்த்ததும் அவனுக்கு என்ன தோணியிருக்கும்? ‘அட, ஏதோ தப்பா வந்திருக்கு, மாத்துறதுக்குள்ள கட்டிடுவோம்’ என்றுதானே? மளிகைக் கடையில் அண்ணாச்சி 50 ரூபாய்க்குப் பதிலா 500 ரூபாய் நோட்டை மிச்சம் கொடுத்தால், வாயை மூடிக்கிட்டு வந்துடுறவனை நாம என்ன சொல்லுவோம்? அண்ணாச்சி லேட்டா கவனிச்சு ஓடிவந்து கேட்டால், ‘குடுத்தது குடுத்ததுதான்’ என்று சொல்ல முடியுமா? நான் யோசிச்ச வரைக்கும், தெரிஞ்சே எடுத்த லாபத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. ரத்து செஞ்சது மட்டுமே அநியாயம் ஆகிவிடாது. அன்பர் கோவிச்சுக்கக் கூடாது.

ஆனா அவருடைய இரண்டாவது கேள்வி இருக்கே, தோத்திருந்தா திருப்பிக் குடுத்திருப்பாங்களா என்று, அதுக்கு அந்தக் கம்பெனியிடம் பதில் கிடையாது. அவசரத்தில் 500-க்குப் பதிலா 5,000 என்று தட்டிவிட்டான் என்று வையுங்கள். தோத்தால், ‘ஐயோ, கை தவறிடுச்சு’ என்று சொல்லிப் பார்க்கட்டும். யார் கேட்பார்கள்? கம்பெனியின் கை தவறினால் அது பிழை, இவன் கை தவறினால் அது பந்தயம். அழிக்கிற ரப்பர் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணு, பிழை எப்பவும் எப்போ கண்டுபிடிக்கப்படுது? பணம் கொடுக்கவேண்டிய நேரத்தில்தான். அதே தப்பு ரேட்டில் பணம் கட்டித் தோத்தவனுக்குத் தானாக முன்வந்து ‘இந்தாப்பா, எங்க பிழை’ என்று எத்தனை பேர் திருப்பிக் கொடுப்பார்கள்?

இங்கிலாந்தில் இதை நீதிபதி ஒருவர் நேராகவே தொட்டார். இது விளையாட்டுப் பந்தயம் இல்லை, ஆன்லைனில் ஆடுகிற சக்கர ஆட்டம். தோட்டவேலை செய்கிற ஒரு பெண்மணிக்கு 2020-ல் திரையில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசு என்று வந்தது. பேடி பவர் கம்பெனி கொடுத்தது 20,265 பவுண்டு. கம்ப்யூட்டர் காட்டினதுதான் தப்பு, எங்க உள்கணக்குப்படி இதுதான் பரிசு என்றார்கள். 2025 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம், ஆடுகிறவர் கண்ணால் பார்க்கிறதுதான் கணக்கு என்ற நிலையில் நின்று, முழுப் பணத்தையும் கொடுக்கச் சொன்னது. சிங்கப்பூர் கேஸுக்கும் இதுக்கும் முரண் இருக்கிற மாதிரி தெரியும், ஆனா இல்லை. இந்த அம்மாவுக்கு அது பிழை என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெரிய பரிசு விழும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள், விழுந்தது. பிரிண்டர்காரர்களுக்கு வழி இருந்தது.

நம்ம பக்கத்துலயே இதே மாதிரி ஒரு பிழை விவகாரம் வந்ததே, ஞாபகம் இருக்கா? கேளம்பாக்கத்தில் இருந்து ஓ.எம்.ஆரிலேயே தெற்கே போனால் திருப்போரூர். கந்தசாமி கோயில் உண்டியலில் காணிக்கை போடும்போது சட்டைப் பையில் இருந்த ஐபோன் உள்ளே விழுந்துவிட்டது என்று ஒரு பக்தர் கேட்டார். 2024 டிசம்பரில் உண்டியல் திறந்தபோது போன் கிடைத்தது. போனில் இருக்கும் தகவல்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், போன் கோயிலுக்குத்தான் என்றது அறநிலையத் துறை. விழுந்தது விழுந்ததுதான், விதி அப்படி. நாடு முழுக்கச் சிரித்தார்கள். பக்தருக்கு ஏதாவது ஈடு செய்ய வழி உண்டா என்று பார்ப்பதாக அமைச்சரும் சொன்னார். விதிக்கும் காரணம் இருக்கு. நாளைக்கு யார் வேணும்னாலும் வந்து ‘என் மோதிரம் தவறி விழுந்தது’ என்று நிற்கலாமே.

பழனியில் அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதம், கேரளாவில் இருந்து வந்த பெண் ஒருவர் சுவாமிக்குப் போடுவதற்காகக் கழுத்தில் இருந்த துளசி மாலையைக் கழற்றினார். கூடவே ஒன்றேமுக்கால் பவுன் செயினும் சேர்ந்து உண்டியலில் விழுந்துவிட்டது. கேமரா பதிவைப் பார்த்தார்கள், தவறிதான் விழுந்தது என்பது தெரிந்தது. விதிப்படி திருப்பித் தர முடியாது. அறங்காவலர் குழுத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தப் பணத்தில் அதே மதிப்புக்குப் புதுச் செயின் வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். விதியும் உடையவில்லை, எதிராளியின் பிழையில் யாரும் லாபம் பார்த்ததாகவும் ஆகவில்லை. பந்தயக் கம்பெனியும் விதியைத்தான் காட்டுகிறது. ஆனா எதிராளியின் பிழைக்காகத் தன் கையில் இருந்து ஒரு ரூபாய் எடுத்து வைக்கிற ஆளை அங்கே தேடிப் பாருங்கள்.

சரி, அந்தப் பையன் புகார் கொடுக்கலாமா என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பக்கத்து ஆளின் பிழையை மட்டும் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 22-வது பிரிவு இருக்கிறது. படித்தால் பையனுக்குச் சாதகம் மாதிரி இருக்கும். ஆனா அதே சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தமே செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. அது போக, 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, ஆடுகிறவருக்கும் தண்டனை உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது. நியூ ஜெர்சிக்காரருக்குக் கண்காணிப்புத் துறை இருந்தது, இங்கிலாந்து அம்மாவுக்குக் கோர்ட் இருந்தது. இவனுக்கு யாரும் இல்லை. அந்தக் கம்பெனிக்கும் இது நல்லாவே தெரியும். அதனாலதான் ஒரே வரியில் ரத்து செய்ய முடிகிறது.

எனக்கு அந்த 7,500 பெரிய கவலையா தெரியல. திரும்பி வந்த 500 எங்கே இருக்கு என்று அன்பர் அவனிடம் கேட்டுப் பார்க்கணும். பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்திருக்காது. ஆப்பிலேயே இருக்கிற வாலட்டில்தான் கிடக்கும். அடுத்த மேட்ச் எத்தனை மணிக்கு?

மகாபாரதத்திலும் ஒரு பந்தயம் ரத்தானது. தர்மர் தன்னையே வைத்துத் தோத்த பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமை என்று திரௌபதி சபையில் கேட்டாள். பீஷ்மராலேயே தெளிவா பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பயந்துபோன திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். நாடு, செல்வம், தம்பிமார், எதுவும் பாக்கி இல்லை. இப்படி ஒரு ரீஃபண்ட் யாருக்குக் கிடைக்கும்? பாண்டவர்கள் தேரேறிக் கிளம்பிவிட்டார்கள். இந்திரப்பிரஸ்தம் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஆள் வந்து நின்றான், இன்னொரு ஆட்டத்துக்கு ராஜா கூப்பிடுகிறார் என்று. தர்மர் தேரைத் திருப்பச் சொன்னார்.